ஹன்னாவின் மகனும் அம்மாவின் மகனும்

1

என் தம்பி ரமணன் சண்டைக் காலத்தில் சைக்கிளில் வேலைக்குப் போய்த் திரும்பி வராமல் விட்ட நாள் ஆவணி மாதத்தில் வருகிறது. மெல்பேர்னில் அந்த நாளை என்ன செய்வதென்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. திவசம் என்று சொல்ல முடியாது. சும்மா ஒரு நாள் என்று விடவும் முடியாது. வழமைபோல முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போவேன். யாரோ ஒருவருடைய தாயைக் குளிக்க வார்ப்பேன், தலை துவட்டுவேன், காலுக்குச் சொக்ஸ் மாட்டிவிடுவேன். பின்னேரம் வீட்டுக்கு வந்து திருக்கோணமலையில், லிங்கநகருக்கு அழைப்பேன். அம்மா எடுத்து, "ஓம் பிள்ளை, விளக்குக் கொளுத்தினனான்" என்பார். எதற்கென்று அவரும் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை.

இந்த வருடம் அந்த நாளுக்கு நான் லிங்கநகரில் இருந்தேன். ஏன் போனேன், போய் என்ன நடந்தது என்று ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் குடும்பத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வெள்ளைக்காரியும் இதில் வருகிறாள். அவள் செத்து நூறு வருடத்துக்கு மேலாகிறது. அவளை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்ல என்னால் ஏலாது.

மாசி மாதம் அம்மா குசினியில் வழுக்கி விழுந்தார். பக்கத்து வீட்டு மலரக்கா வந்து பார்க்கும்வரை ஈர நிலத்தில் கிடந்திருக்கிறார். எவ்வளவு நேரம் என்று கேட்டால், "கொஞ்ச நேரம்தான்" என்பார். மலரக்கா சொன்னது வேறு. அடுப்பில் சோறு கரியாகி, நெருப்பு அணைந்து, சாம்பலும் ஆறிப்போய்க் கிடந்ததாம்.

லண்டனில் இருக்கும் அக்காவும் நானும் தொலைபேசியில் அழுதோம், பிறகு சண்டை பிடித்தோம். கடைசியில் அம்மாவை நான் அவுஸ்திரேலியாவுக்கு எடுப்பது என்று முடிவானது.

2

விசா அலுவல் பார்க்கும் முகவர் நம்மவர்தான். நல்ல மனிதர். விண்ணப்பத்தில் அம்மாவின் பிள்ளைகள் எல்லோரையும் எழுதவேண்டும், ஒவ்வொருவரும் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்றும் எழுதவேண்டும். அக்காவை எழுதினார், லண்டன். என்னை எழுதினார். பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்கு ஒரு தம்பி" என்றேன்.

"இருக்கிறாரோ அக்கா, இருந்தவரோ?"

"தெரியாது."

அவர் பேனாவை மூடினார். "தெரியாது எண்டு எழுத இதில இடம் இல்லை அக்கா. பிள்ளையளில பாதிப் பேராவது இங்கை இருக்கவேணும். நீங்களும் லண்டன் அக்காவும் மட்டும் எண்டால் பிரச்சினை இல்லை. மூண்டு பேர் எண்டால்தான் சிக்கல். தம்பிக்கு ஒரு மரணச் சான்றிதழ் எடுத்தீங்கள் எண்டால் அலுவல் சுகம்."

அவரில் கோபம் வரவில்லை. வெளியே வந்து காருக்குள் இருந்தபோதுதான் அவர் சொன்னது முழுதாக விளங்கியது. தம்பி செத்தால் அம்மா வரலாம்.

முன்பும் பலர் அம்மாவிடம் இந்தச் சான்றிதழைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். அப்பா உயிரோடு இருந்தபோது அவரே ஒருமுறை கேட்டார். அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. அதோடு வீட்டில் அந்தக் கதை நின்றது.

3

அந்தக் கிழமைகளில்தான் என் மகள் ஆரணி ஒரு பள்ளிக்கூட வேலையோடு வந்தாள். எங்கள் பகுதியில் ஒரு பழைய சவக்காலை இருக்கிறது. வெளிநாட்டில் பிறந்து அங்கே புதைக்கப்பட்டவர்களில் ஒருவரை எடுத்து அவர் வாழ்க்கையைத் தேடி எழுதவேண்டும். ஆரணிக்குக் கிடைத்த பெயர் ஹன்னா வெப். கல்லறை இல்லை, புல்லுக்குள் இலக்கம் போட்ட ஓர் இரும்புத் துண்டு மட்டும்.

ஒரு பின்னேரம் அறைக்குள் இருந்து கூப்பிட்டாள். "அம்மா, இங்க வாங்க. உங்கட ஊர் இதில இருக்கு. ட்ரிங்கோமலீ."

கணினியில் ஒரு பழைய பத்திரிகைப் பக்கம். காணாமல் போன உறவினரைத் தேடுவோரின் அறிவித்தல்கள். அதில் ஹன்னாவினுடையதும் இருந்தது. மகன் தோமஸ், குதிரைகளை ஏற்றிக்கொண்டு மதராசுக்குப் போன கப்பலில் குதிரைக்காரனாகப் போனவன், காய்ச்சலோடு திருக்கோணமலையில் இறக்கிவிடப்பட்டான், அதன் பிறகு தகவல் இல்லை, அறிந்தவர்கள் தாய்க்குத் தெரிவிக்கவும். ஊரின் பெயரில் எழுத்துப் பிழை. ஆனாலும் எங்கள் ஊர்தான்.

"மாமாவும் இப்பிடித் தொலைஞ்சவரா?" என்று ஆரணி கேட்டாள். பென்சில் தொலைவதற்கும் அவளுக்கு அதே சொல்தான். நான் திருத்தவில்லை. எந்தச் சொல்லைக் கொடுத்துத் திருத்துவது?

ஆரணி எழுதிக் கொடுத்து, புள்ளியும் வந்துவிட்டது. "முடிஞ்சுது அம்மா" என்று அடுத்த வேலைக்குப் போய்விட்டாள். எனக்கு முடியவில்லை. வேலை விட்டு வந்து சமைத்து வைத்துவிட்டு அந்தப் பழைய பத்திரிகைகளுக்குள் போய்விடுவேன். நூலகத்துக்கும் போனேன். துண்டு துண்டாகத்தான் கிடைத்தாள் ஹன்னா.

இங்கிலாந்தில் ஏதோ ஒரு கிராமத்தில் இருந்து, வீட்டு வேலைக்கென்று கப்பலில் தனியாக வந்த பெட்டை. தங்கம் தோண்டிய ஒரு ஊரில் தச்சன் ஒருவனைக் கட்டினாள். மரம் விழுந்து அவன் செத்தான். இரண்டு பிள்ளைகள், தோமஸ், எலைசா. பதினாறு வயதில் தோமஸ் குதிரைக் கப்பலில் போனான். கப்பல் திரும்பி வந்தது, அவன் வரவில்லை. அதற்குப் பிறகு ஹன்னா அந்தத் தங்க ஊரில் இருந்த வீட்டை விட்டுவிட்டுத் துறைமுகத்துக்குக் குடிவந்தாள். மாலுமிகளின் உடுப்புகளைத் தோய்த்துக் கொடுத்துச் சீவித்தாள். இந்தியப் பக்கம் இருந்து வரும் ஒவ்வொரு கப்பலிலும் மகனைப் பற்றிக் கேட்டாள்.

வருடக்கணக்காக அறிவித்தல் போட்டாள். வரவர அது சுருங்கியது. முதலில் அவனுடைய உயரம், தலைமயிரின் நிறம், கையில் இருந்த தழும்பு எல்லாம் இருந்தன. கடைசி அறிவித்தலில் பெயரும் திருக்கோணமலையும் மட்டும்.

ஒருமுறை அனுமதி இல்லாமல் கப்பலில் ஏறியதற்காக அவளை நீதிமன்றத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். கடலில் இருந்து தொலைவில் தோட்டக்காரன் ஒருவனைக் கட்டியிருந்த மகள் எலைசா வந்து, தாயைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லியிருக்கிறாள். ஹன்னா போகவில்லை. அங்கே கப்பல் வராதே. ஆதரவற்றவர்களின் விடுதியில்தான் செத்தாள்.

நான் வாசித்துக்கொண்டிருந்தபோது ஆரணி கதவில் வந்து நின்றாள். "அம்மா, இது என்ட ஹோம்வேர்க். உங்கட இல்ல" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

4

லீவு போட்டுவிட்டு ஆடிக் கடைசியில் ஊருக்குப் போனேன். ஆரணிக்குப் பள்ளிக்கூடம் என்பதால் அவளையும் என் கணவரையும் விட்டுவிட்டுத் தனியாகத்தான் போனேன்.

அம்மா சிறுத்துப்போயிருந்தார். சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தார். சுவரில் கை படும் இடமெல்லாம் ஒரே உயரத்தில் அழுக்காகிக் கிடந்தது. நான் அதைத் துடைக்கப் போக, "விடு பிள்ளை, அது எனக்குப் பாதை" என்றார்.

வந்த அலுவலைச் சொல்ல வாய் வரவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். ஆவணியில் அந்த நாளும் வந்தது. அம்மா விளக்குக் கொளுத்தினார். இரண்டு பேரும் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சும்மா இருந்தோம். பேசாமல் இருக்கப் பயமாக இருந்தது. வாயில் வந்தது ஹன்னாவின் கதைதான். முழுவதையும் சொன்னேன். அம்மா கதிரையில் சாய்ந்திருந்தவர், திருக்கோணமலை என்றதும் நிமிர்ந்தார்.

"இங்கையோ? எங்கட துறைமுகத்திலயோ?"

"ஓம் அம்மா."

"பிறகு? பெடியன் போய்ச் சேர்ந்தவனோ தாயிட்ட?"

"இல்லை."

"செத்திட்டான் எண்டாவது ஆரும் சொன்னவையோ அவளுக்கு?"

"அதுவும் இல்லை. ஒண்டும் தெரியாமலே போய்ச் சேர்ந்திட்டா."

அம்மா சேலைத் தலைப்பைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு, "வெள்ளைக்காரற்ற பழைய சவக்காலை ஒண்டு கிடக்கெல்லோ, டொக்யார்ட் றோட்டுப் பக்கம்" என்றார். "நாளைக்கு நசீரை வரச் சொல்லு. ஒருக்காப் பாப்பம்."

"அங்கை என்னத்தைப் பாக்கிறது அம்மா? எத்தினை வருசம்."

"அவளுக்கு வர ஏலாமப் போச்சு. நாங்கள் பக்கத்தில இருக்கிறம். பாத்தால் என்ன?"

5

நசீர் நானா குறிஞ்சாக்கேணிக்காரர். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். லிங்கநகர் பக்கம்தான் ஓட்டோ ஓடுகிறார். அம்மாவை ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் கொண்டுபோவது அவர்தான். எங்கே போகிறோம் என்று கேட்டார். அம்மாவே சொன்னார், "ஒரு பெடியனைத் தேடிப் போறம் நசீர்." நானா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

சவக்காலைக்குள் மான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. அம்மா ஒரு கையால் என் தோளையும் மற்றக் கையால் நானாவின் கையையும் பிடித்துக்கொண்டு நடந்தார். அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. ஒவ்வொரு கல்லாக நிறுத்தி, "வாசி" என்றார். நான் பெயரை வாசிப்பேன். "இவன் இல்லை" என்று அடுத்ததுக்குப் போவார். கப்டன்மார், கப்டன்மாரின் மனைவிமார், பிறந்து சில மாதமே இருந்த குழந்தைகள். சிலதில் எழுத்தே இல்லை, கல் மட்டும். சில இடத்தில் கல்லும் இல்லை, மண் ஒரு பக்கம் பதிந்திருந்தது, அவ்வளவுதான். அம்மா அந்த இடங்களையும் விடவில்லை. நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

வெயில் ஏறிவிட்டது. நானா தண்ணீர் வாங்கப் போனார். அம்மா ஒரு கல்லின் விளிம்பில் இருந்தார்.

"குதிரைக்காரப் பெடியனுக்கு ஆர் அம்மா கல்லு வைக்கப் போறாங்கள்?" என்றேன். "காய்ச்சலோட இறக்கிவிட்டவங்கள். செத்துத்தான் இருப்பான்."

"நீ கண்டனியோ?"

"இவ்வளவு காலம் போச்சுதே அம்மா."

"காலம் போனால் ஆக்கள் செத்திடுவினமோ?"

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. அந்த இடத்தில் வைத்தே எல்லாவற்றையும் கொட்டினேன். விசாவை, பிள்ளைகளின் பெயர் எழுதும் தாளை, முகவர் சொன்னதை, குசினியில் அவர் கிடந்ததை மலரக்கா சொல்லக் கேட்டதிலிருந்து எனக்கு நித்திரை இல்லாததை. யாரோ ஒருவருடைய தாயைத் தூக்கிக் குளிக்க வார்க்கும்போதெல்லாம் அவருடைய முகமே வருவதை. "தம்பி இல்லை எண்டு எழுதினால்தான் அம்மா உங்களை எடுக்கலாம்" என்றேன். சத்தமாகச் சொல்லியிருக்கவேண்டும். மான் ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்தது.

அம்மா அழவில்லை. "அப்ப நான் போய், என்ட பிள்ளை செத்துப்போனான் எண்டு எழுதித் தாங்கோ எண்டு கேக்கவேணும்" என்றார்.

"ஓம் அம்மா."

"நீ கேட்டால் ஏலாதோ?"

"தாய் இருக்கேக்க தாய்தான் கேக்கவேணுமாம்."

நானா தண்ணீரோடு வந்தார். அம்மா கொஞ்சம் குடித்தார். மிச்சத்தைப் பக்கத்தில் எழுத்தில்லாமல் கிடந்த கல்லின்மேல் ஊற்றினார். ஓட்டோவில் ஏறியபிறகு, "நாளைக்குக் கந்தோருக்குப் போவம்" என்றார்.

6

பிறப்பு இறப்புப் பதியும் கந்தோரில் இருந்தவர் இளம் பெண். அம்மாவைக் கண்டதும் எழும்பித் தன் கதிரையைக் கொடுத்தார். மெல்ல மெல்லக் கேட்டார். தம்பியின் முழுப்பெயர், பிறந்த நாள், கடைசியாகக் கண்டது எப்போது, என்ன உடுப்பு.

"நீலச் சேட்டு" என்றார் அம்மா. "கொலர் கொஞ்சம் தேஞ்சது. மாத்தச் சொன்னனான், நேரமாச்சு எண்டிட்டான்."

எனக்கு அது தெரியாது. கொலர் தேய்ந்ததை இத்தனை வருடத்தில் அம்மா யாரிடமும் சொன்னதில்லை.

"இறந்த இடம் எண்டு ஒண்டு கேக்கும் அம்மா" என்றார் அந்தப் பெண். "தெரியாட்டில் தெரியாது எண்டு எழுதலாம்."

"எப்பிடிச் செத்தவன் எண்டு?"

"அதுவும் தெரியாது எண்டு எழுதலாம்."

"எப்ப எண்டு?"

அவர் என்னைப் பார்த்தார்.

அம்மா பேனாவைக் கையில் எடுத்தார். கையெழுத்து வைக்கும் இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். வைத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். வைக்கவேண்டும் என்று என் மனம் அடித்துக்கொண்டது. அதே நேரம், வைக்காதேங்கோ அம்மா என்று கத்தவேண்டும்போலவும் இருந்தது.

"பிள்ளை" என்றார் அம்மா, அந்தப் பெண்ணைப் பார்த்து. "எங்கை, எப்ப, எப்பிடி, ஒண்டும் உங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. செத்தது மட்டும் ரெண்டு பேருக்கும் எப்பிடித் தெரியும்?"

அந்தப் பெண்ணின் கண் நிறைந்துவிட்டது. "அம்மா, வேற ஒண்டும் இருக்கு. காணாமற்போனவர் எண்டு ஒரு பத்திரம். அதில செத்ததெண்டு வராது. விருப்பமெண்டால் அதை எடுங்கோ."

"அது இவளுக்கு உதவுமோ? என்னைக் கூட்டிக்கொண்டு போறதுக்கு?"

எதற்கும் முகவரிடம் கேட்டுவிடுவோம் என்று அங்கிருந்தே தொலைபேசி எடுத்தேன். அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். முகவர் மெதுவாகத்தான் சொன்னார். அது காணாது, மரணச் சான்றிதழ்தான் வேணுமாம். இல்லை என்று அம்மாவுக்குத் தலையாட்டினேன்.

அம்மா பேனாவை வைத்தார். "எல்லாரும் எனக்குச் சொல்லுகினம் பிள்ளை. ஒருத்தரும் காட்டேல்லை. காட்டட்டும், கையெழுத்து வைக்கிறன்" என்றார். எழும்ப என் தோளைப் பிடித்தார். ஒரு கைப்பிடி எலும்புதான் என்னைப் பிடித்தது.

7

நான் திரும்பிப் போகவில்லை. லீவைக் கூட்டினேன். பிறகும் கூட்டினேன். முதியோர் இல்லத்தில் இருந்து இனி வேலையைப் பிடித்து வைத்திருக்க முடியாது என்று சொன்னார்கள். சரி என்றேன். அம்மாவைத் தனியே விட்டுவிட்டுப் போக ஏலாது, கூட்டிக்கொண்டு போகவும் ஏலாது. அப்படியானால் நான் இருக்கவேண்டியதுதான் என்று நினைத்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

கணவர் பொறுத்தார், ஆனால் குரல் மாறிக்கொண்டு வந்தது. ஆரணி முதலில் ஒவ்வொரு நாளும் பேசினாள். அவளுக்குப் பரீட்சை, தோழியோடு கோபம், தலைமயிரை வெட்டியது. போகப்போக "ஹாய் அம்மா, பாய் அம்மா" என்று ஆனது. தமிழும் குறைந்தது. ஒருநாள் எடுத்து, "எப்ப வாறீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"பாப்பம் பிள்ளை."

"பாப்பம் மீன்ஸ் வாட்?"

அவள் வைத்துவிட்டாள்.

அம்மா விறாந்தையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த வெள்ளைக்காரிக்கு ஒரு மகள் இருந்தவள் எல்லோ" என்றார்.

"ஓம். எலைசா."

"அவள் என்னானவள்?"

நான் யோசித்தேன். மாதக்கணக்காக ஹன்னாவைத் தேடியிருக்கிறேன். எலைசாவைத் தேடவில்லை. "தெரியாது அம்மா. கலியாணம் கட்டினது தெரியும். தாயைக் கூட்டிக்கொண்டு போக வந்தது தெரியும். வேற ஒண்டும் தெரியாது."

"அந்த மகளைப் பாத்துத் தாய் ஒரு சொல்லுக் கதைச்சிருக்க மாட்டாள்" என்றார் அம்மா. "கப்பலைத்தான் பாத்துக்கொண்டு நிண்டிருப்பாள். எனக்குத் தெரியும். நான் உன்னட்டை என்ன கதைச்சனான் இவ்வளவு காலமும்? உன்ட கலியாணத்திலையும் நான் வாசலைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

"அம்மா, அப்பிடிச் சொல்லாதேங்கோ."

"நீ போ. உன்ட பிள்ளை எங்கை இருக்கிறாள் எண்டு உனக்குத் தெரியும். எங்கையெண்டு தெரிஞ்ச பிள்ளையை ஏன் காக்க வைக்கிறாய்?"

"நீங்கள் விழுந்தால்?"

"விழுவன். மலர் வருவாள். வராட்டில் கிடப்பன். அதுக்கு நீ அங்கை உன்ட பெட்டையைத் துலைச்சுப்போட்டு இங்கை இருக்கப் போறியோ?"

நான் கத்தினேன். அழுதேன். அவர் மாறவில்லை. மலரக்காவோடு பேசி, இரவில் அவருடைய மகள் வந்து படுக்க ஒழுங்கு செய்தேன். குசினி நிலத்துக்கு வழுக்காத விரிப்புப் போட்டேன். நசீர் நானாவிடம் தொலைபேசி இலக்கங்களைக் கொடுத்தேன். இதெல்லாம் எவ்வளவுக்குக் காணும் என்று எனக்குத் தெரியும். நான் செய்துவந்த வேலையே அதுதானே.

போகும் நாள் விடிய நானா ஓட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தினார். அம்மா கேற் வரைக்கும் வந்தார். கேற் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். நான் குனிந்து அவர் கன்னத்தில் கொஞ்சினேன்.

"போட்டு வாறன் அம்மா."

அம்மா என் வாயில் கையை வைத்தார். "அப்பிடிச் சொல்லாத பிள்ளை. அவனும் இந்த இடத்தில நிண்டு அதைத்தான் சொன்னவன். ஒரு 'வாறனோட' நான் படுறபாடு காணும். போறன் எண்டு சொல்லு."

எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் சொல்லிவிட்டுப் படலை தாண்டியதில்லை. செத்த வீட்டில்கூடச் சொல்ல மாட்டோம். நானா ஓட்டோவின் எஞ்சினை நிறுத்திவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தார்.

"போறன் அம்மா" என்றேன்.

"ம்" என்றார். கேற்றைச் சாத்திக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து உள்ளே போனார்.